எங்கே என்று மட்டும் கேட்ட டிக்கெட்

நீளம் இரண்டேகால் அங்குலம். அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தடித்த அட்டை. அதில் புறப்படும் ஊர், போய்ச் சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், ஒரு வரிசை எண். கவுன்ட்டரில் இருப்பவர் அதைத் தேதி அடிக்கும் இயந்திரத்தில் செருகி ஒரு தட்டுத் தட்டித் தருவார். வாங்கியவர் பெயர் அதில் இருக்காது. வயது, முகவரி, செல்பேசி எண் எதுவும் இருக்காது. "எங்கே?" என்ற ஒரு கேள்வி, அதற்கு ஓர் ஊர்ப்பெயர், கொஞ்சம் சில்லறை. வியாபாரம் முடிந்தது.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் உலகைச் சுற்றிவந்த இந்த அட்டை டிக்கெட்டால் யாருக்கு லாபம் என்று கேட்டால் ரயில் கம்பெனிகளுக்கு என்றுதான் வரலாறு சொல்லும். அதே அளவுக்கு லாபம் அடைந்த இன்னொருவர் உண்டு: அந்நிய நாட்டில், மொழி தெரியாமல், மெலிந்த பர்ஸோடு தனியாக ஊர் சுற்ற வந்தவர். இது அவர் கையில் இருந்த டிக்கெட்டின் கதை. இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் தொடங்கி, ராயபுரம், தனுஷ்கோடி, செகந்திராபாத் வழியாக, ஹைதராபாத்தின் ஒரு பகுதியான இன்றைய குகட்பள்ளியின் மெட்ரோ வாசல்வரை வருகிற கதை.

திவாலான தச்சர்

1836-ல் நியூகாஸில்–கார்லைல் ரயில் பாதையில் மில்ட்டன் என்ற சிறிய நிலையத்துக்குப் பொறுப்பாளராக வந்தார் தாமஸ் எட்மன்சன். லங்காஸ்டர்க்காரர். பெயர்பெற்ற மரச்சாமான் கம்பெனி ஒன்றில் தொழில் பழகியவர். சொந்தமாகத் தொழில் செய்து திவாலாகி, பிழைப்புக்காக ரயில் வேலைக்கு வந்திருந்தார்.

அப்போது ரயில் புதிது. டிக்கெட் கொடுக்கும் முறை மட்டும் குதிரை வண்டிக் காலத்தது. குமாஸ்தா ஒவ்வொரு சீட்டையும் கையால் எழுதிக் கிழித்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் சேர்ந்தால் வரிசை நகராது. எத்தனை சீட்டு விற்றது, வசூலில் எவ்வளவு கம்பெனிக்குப் போனது, எவ்வளவு குமாஸ்தாவின் பைக்குப் போனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எட்மன்சன் தச்சரின் புத்தியோடு யோசித்தார். அட்டையை ஒரே அளவில் வெட்டினார். ஊர்ப்பெயரை முன்கூட்டியே அச்சடித்தார். ஒவ்வோர் அட்டைக்கும் வரிசை எண் போட்டார். காலையில் அடுக்கின் முதல் எண் என்ன, மாலையில் என்ன. இரண்டையும் கழித்தால் விற்பனைக் கணக்கு வந்துவிடும். கார்லைலைச் சேர்ந்த ஜான் பிளேலாக் என்ற கடிகாரத் தொழிலாளியின் துணையோடு எண் அடிக்கும் இயந்திரமும் தேதி அடிக்கும் இயந்திரமும் உருவாயின. 1839-ல் மான்செஸ்டர்–லீட்ஸ் ரயில்வே அவரை நல்ல சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டது. மற்றக் கம்பெனிகளிடம் அவர் கேட்ட விலை எளிமையானது: உங்கள் பாதை எத்தனை மைலோ, மைலுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து ஷில்லிங். பழைய கடன்களையெல்லாம் அடைத்துவிட்டு 1851-ல் இறந்தார்.

அவர் தீர்க்க நினைத்தது கணக்குப் பிரச்சினையை. தற்செயலாக நடந்தது வேறொன்று. சீட்டு முன்கூட்டியே அச்சாகிவிட்டதால் வாங்குபவர் யார் என்பது தேவையில்லாமல் போனது. பிரபுவோ கூலியோ, உள்ளூர்க்காரரோ அந்நியரோ, வகுப்புக்கேற்ற பணம் கொடுத்தால் அடுக்கிலிருந்து அடுத்த அட்டை வரும். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் ஏறக்குறைய 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு அழைத்துப் போனார். நவீனச் சுற்றுலா அன்று பிறந்தது என்பார்கள். 1842-ல் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு வந்து, பல கம்பெனிகளின் பாதைகளில் ஒரே டிக்கெட்டோடு போகவும், வசூலைக் கம்பெனிகள் பின்னால் பங்கிட்டுக்கொள்ளவும் வழி செய்தது. சாதாரண மனிதர் முன்பின் தெரியாத ஊருக்குத் தானே போய்த் திரும்பலாம் என்ற துணிச்சலை அட்டை டிக்கெட்டும் இந்தப் பங்கீட்டு ஏற்பாடும் சேர்ந்து கொடுத்தன.

லிங்கம்பள்ளிப் பாதையும் மூன்றாம் வகுப்பும்

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ரயில் ஓடியது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பாதை திறந்தது. ஹைதராபாத் நிஜாமின் நாட்டுக்கு 1874-ல் ரயில் வந்தது. வாடியிலிருந்து செகந்திராபாத் வரை போட்ட அந்தப் பாதை நிஜாமின் பணத்தில் உருவானது. விகாராபாத், லிங்கம்பள்ளி, பேகம்பேட் என்று இன்று நாம் கடக்கும் ஊர்களெல்லாம் அதன்மேல்தான் இருக்கின்றன.

குகட்பள்ளி என்ற பெயரில் ரயில்வே நிலையம் கிடையாது. ஆனால் அந்த 1874 பாதை குகட்பள்ளிக்குத் தெற்கே, நடந்துபோகும் தூரத்திலும் ஆட்டோ தூரத்திலுமாக ஓடுகிறது. பரத்நகர், போரபண்டா, ஹைடெக் சிட்டி, ஹஃபீஸ்பேட் எல்லாம் அதில் உள்ள நிலையங்கள். 2003-ல் எம்எம்டிஎஸ் என்ற புறநகர் ரயில் வந்தபோது, நிஜாம் காலத்துப் பாதை சாஃப்ட்வேர் காலத்துப் பயணிகளைச் சுமக்கத் தொடங்கியது.

ரயிலோடு எட்மன்சனின் அட்டையும் இந்தியா வந்தது. ஊர்ப்பெயர்கள் வட்டார மொழிகளில் ஏறின. பம்பாயில் பைகுலா, கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹவுரா, சென்னையில் ராயபுரம், தக்காணத்தில் செகந்திராபாத் என்று ரயில்வேயின் சொந்த அச்சகங்கள் அட்டைகளை அடித்துத் தள்ளின. ஒவ்வொரு நிலையத்திலும் அதிகம் விற்கும் ஊர்களுக்குத் தனித்தனி அடுக்கு. எப்போதோ ஒருவர் கேட்கும் ஊருக்கு மட்டும் வெற்றுத்தாளில் கையால் எழுதிக் கொடுப்பார்கள்.

டிக்கெட் எளிமையாக இருந்ததால் பயணமும் சுகமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1917 செப்டம்பரில் காந்தி பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. அந்தப் பயணத்தின் நெரிசலையும் அழுக்கையும் வரிசையாக எழுதி, ரயில்வேக்கு அதிக வருமானம் தருகிற ஏழைப் பயணியை ரயில்வே எப்படி நடத்துகிறது என்று கேட்டார். டிக்கெட் யாரையும் தடுக்கவில்லை. பெட்டிதான் மனிதரை மதிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிய 1974 வரை ஆனது.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

தமிழர்களுக்கு வெளிநாட்டு ரயில் பயணம் என்றால் நெடுங்காலம் அது போட் மெயில்தான். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்ததோடு அந்த வழி பிறந்தது. அதற்கு முன் தூத்துக்குடி போய் அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். இப்போது மெட்ராஸ் எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் போதும். ரயில் தனுஷ்கோடி வரை. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கப்பல் வருவதற்காகக் காத்திருக்கும் இலங்கை ரயிலில் கொழும்பு கோட்டை. இரண்டு ரயில்வேக்கள், நடுவில் ஒரு கடல், மூன்றுக்கும் ஒரு டிக்கெட்.

இந்தக் கதையிலும் ஒரு நிழல் இருக்கிறது. வியாபாரியும் அதிகாரியும் போன வழியிலேயே தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று நாள்கணக்கில் காக்க வைத்துத்தான் அனுப்பினார்கள். வறியவரிடம் அதிகக் கேள்வி கேட்பது எல்லைகளின் பழைய வழக்கம்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியையும் அந்த ரயில் பாதையையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1970-களில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியே இந்தியா வந்த இளைஞர்கள் பலர், முதுகுப் பையும் இரண்டாம் வகுப்பு அட்டையுமாக ராமேஸ்வரம் வந்து இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். பால் தெரூ என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்த வழியில் போய் எழுதியது, 1975-ல் வெளிவந்த அவருடைய ரயில் பயண நூலில் தனி அத்தியாயங்களாகவே இருக்கிறது. 1980-களில் இலங்கையின் இனப்போர் அந்தக் கப்பலையும் நிறுத்தியது. போருக்குப் பின் 2014-ல் யாழ்ப்பாணத்துக்கும் 2015-ல் தலைமன்னாருக்கும் ரயில் திரும்பியது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. இரண்டு கரையிலும் ரயில் இருக்கிறது. நடுவே கப்பல் இல்லை. இரண்டையும் சேர்க்கும் டிக்கெட்டும் இல்லை.

இருந்தாலும் இன்று தமிழ்நாட்டிலிருந்து குறைந்த செலவில் வெளிநாட்டு ரயில் பயணம் போக நினைப்பவருக்கு இலங்கைதான் முதல் பள்ளிக்கூடம். கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டன், நானுஓயா, எல்ல வழியாகப் பதுளை வரை ஏறும் மலைப்பாதை 1924-ல் முடிந்தது. முன்பதிவுப் பெட்டிகளுக்குத்தான் சுற்றுலாக் காலத்தில் அடிதடி. முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புக்கு நிலையத்தில் போய் நின்றால் போதும். பிரிட்டன் 1990-ல் கைவிட்ட எட்மன்சன் அட்டையை இலங்கை நிலையங்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் விற்றன.

பாஸ் என்ற யோசனை

ஊர் ஊராக டிக்கெட் வாங்குவதே பாரமாக இருக்கிறது, நாடு முழுக்க ஒரே சீட்டு கொடுத்தால் என்ன என்ற யோசனை ஐரோப்பாவில் வந்தது. 1959-ல் யூரெயில் பாஸ்: ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. 1972-ல் இன்டர்ரெயில்: 21 வயது வரையுள்ள ஐரோப்பிய இளைஞர்களுக்கு, 21 நாடுகளில் ஒரு மாதம் சுற்ற, பிரிட்டனில் 27 பவுண்டு 50 பென்ஸ். எட்மன்சனின் அட்டை "எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டது. பாஸ் அதையும் கேட்கவில்லை. காலையில் நிலையத்துக்குப் போய், எந்த ரயில் பிடிக்கிறதோ அதில் ஏறு என்றது. ஐரோப்பாவில் ஒரு தலைமுறை பக்கத்து நாட்டைப் பார்த்தது அப்படித்தான். ஜப்பான் 1981-ல் தன் பாஸைக் கொண்டுவந்தது.

இந்தியாவும் ஒன்று கொண்டுவந்தது. அதன் பெயர் இன்ட்ரெயில் பாஸ். வெளிநாட்டவருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் மட்டும். விலை அமெரிக்க டாலரில். அரை நாளில் தொடங்கித் தொண்ணூறு நாள் வரை பல கால அளவுகள், மூன்று விதமான வகுப்புகள். முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் எதுவும் தனியாகக் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. இந்திய ரயில் கட்டணம் ஏற்கெனவே மலிவு. ரயிலிலேயே குடியிருந்தால் ஒழிய, பாஸ் வாங்குவதைவிடத் தனித்தனி டிக்கெட் வாங்குவதே லாபம். அப்படியும் பலர் டாலர் கொடுத்து அதை வாங்கினார்கள் என்றால், அவர்கள் வாங்கியது தொந்தரவில்லாமையை. வரிசையில் நிற்க வேண்டாம். படிவத்தோடு போராட வேண்டாம். வெளிநாட்டுப் பயணி ஒதுக்கீட்டில் படுக்கை கிடைத்துவிடும். புதுதில்லி நிலையத்தின் முதல் மாடியில் வெளிநாட்டவருக்கென்றே ஒரு முன்பதிவு அலுவலகம் இருக்கிறது. பஹாட்கஞ்ச் புறத்தில் இறங்கிய எத்தனையோ இளைஞர்கள், "அந்த ஆபீஸ் மூடிவிட்டது, எரிந்துவிட்டது" என்று சொல்லித் தங்கள் கடைக்கு இழுத்த தரகர்களைத் தாண்டித்தான் அந்த மாடிப்படி ஏறினார்கள்.

2017 நவம்பரில் இன்ட்ரெயில் பாஸ் நிறுத்தப்பட்டது. அதே மாதம் 28-ஆம் தேதி மியாப்பூரில் ஹைதராபாத் மெட்ரோ தொடங்கிவைக்கப்பட்டது. குகட்பள்ளி நெடுஞ்சாலைக்கு மேலே தூண்களில் ரயில் ஓடத் தொடங்கியது. நாட்டையே சுற்றிக்காட்டிய ஒரு சீட்டு நின்றுபோன அதே மாதத்தில் ஒரு நகரத்துக்குள் சுற்றுகிற சீட்டு வந்தது.

செகந்திராபாத்தில் வந்த மாற்றம்

அட்டையைக் கொன்றது கணினி. அந்தக் கதையில் செகந்திராபாத்துக்கு முக்கிய இடம் உண்டு. முன்பதிவைக் கணினியில் ஏற்றும் வேலை தில்லியில் 1985-86-ல் தொடங்கியது. பின்னர் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. சென்னையிலிருந்து தில்லி போகிறவர் திரும்பி வருவதற்கான படுக்கையைச் சென்னையிலேயே உறுதிசெய்துகொள்வது பெரும்பாடு. ஐந்தையும் ஒன்றோடொன்று பேசவைக்க எழுதிய கான்சர்ட் என்ற மென்பொருள் முதலில் ஓடிய இடம் செகந்திராபாத், ஆண்டு 1994. 1999-ல் ஐந்து மையங்களும் இணைந்தன. அதன்பிறகுதான் இந்தியாவின் எந்த ஊர்க் கவுன்ட்டரிலிருந்தும் எந்த ஊர் ரயிலுக்கும் படுக்கை வாங்க முடிந்தது. தனியாகச் சுற்றும் பயணிக்கு இது பெரிய விடுதலை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

2002-ல் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்ட் 3-ல் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. முதலில் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். ஆகஸ்ட் 15-ல் முன்பதிவில்லாத டிக்கெட்டும் கணினிக்கு மாறத் தொடங்கியது. அட்டை அடுக்கு இருந்த இடத்தில் அச்சு இயந்திரம் உட்கார்ந்தது. ரயில்வே அச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பைகுலா, ஹவுரா, ஷகூர்பஸ்தி, ராயபுரம், செகந்திராபாத் ஆகிய ஐந்தும் கடைசியாக எஞ்சின. பிறகு அவையும் வேண்டாம் என்ற முடிவு வந்தது. 2014-ல் முன்பதிவில்லாத டிக்கெட் கைபேசிச் செயலிக்குள் போனது. 2025 ஜூலையில் ரயில்ஒன் என்ற ஒரே செயலிக்குள் எல்லாம் சேர்ந்தன.

டிக்கெட் இளைத்துக்கொண்டே போனது; அது கேட்கும் கேள்விகளோ பெருத்துக்கொண்டே வந்தன. பெயர், வயது, பாலினம், பயணத் தேதி, செல்பேசி எண், மின்னஞ்சல், ஓடிபி, அடையாள அட்டை. 2025 ஜூலை 1 முதல் தட்கால் டிக்கெட்டை இணையத்தில் வாங்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அக்டோபர் 1-ல் அந்த விதி சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் பதினைந்து நிமிடத்துக்கும் வந்தது. இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. போலிக் கணக்குகளை வைத்துக்கொண்டு நொடிகளில் டிக்கெட்டை அள்ளிய தரகர்களைத் தடுக்க வேறு வழி ரயில்வேக்குத் தெரியவில்லை. ஆனால் ஆதார் இல்லாத வெளிநாட்டுப் பயணி அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். அவருக்கான ஒதுக்கீட்டில் இணையம் வழியாக 365 நாள் முன்பே வாங்கலாம் என்று 2017-ல் ஒரு வசதி வந்தது உண்மைதான். அது உயர் வகுப்புகளுக்கு, தட்கால் கட்டணத்தைவிடக் கூடுதல் விலையில். பை மெலிந்தவருக்கு அது பயன்படாது.

குகட்பள்ளியில் இறங்கிய ஒருவர்

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கொரியப் பெண்ணோ பிரெஞ்சு மாணவரோ நண்பரின் அறையில் தங்கிக் குகட்பள்ளியிலிருந்து தெற்கே போகப் புறப்படுகிறார். கையில் காசு குறைவு. ஆதார் இல்லை. இந்திய சிம் இன்னும் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

நகருக்குள் கவலை இல்லை. குகட்பள்ளி மெட்ரோவில் பணம் கொடுத்தால் கியூஆர் சீட்டு கிடைக்கும். யார் என்று கேட்கமாட்டார்கள். 2025 மே மாதக் கட்டண உயர்வும், அடுத்து வந்த பத்து சதவீதத் தள்ளுபடியும் சேர்ந்து 11 ரூபாயிலிருந்து 69 ரூபாய் வரை என்று முடிந்தது. சிவப்பு வழித்தடத்தில் மாறாமல் உட்கார்ந்தால் நாம்பள்ளி. வெளியே வந்தால் ஹைதராபாத் ரயில்வே நிலையம். அமீர்பேட்டில் நீல வழித்தடத்துக்கு மாறினால் செகந்திராபாத். அதைவிட மலிவாக வேண்டுமென்றால் பரத்நகரிலோ ஹஃபீஸ்பேட்டிலோ எம்எம்டிஎஸ் ஏறலாம். திருப்பதி போகிறவர் நகருக்குள் வரவே வேண்டாம். நாராயணாத்ரி எக்ஸ்பிரஸ் லிங்கம்பள்ளியிலிருந்தே புறப்படுகிறது.

நீண்ட தூரத்துக்கு அவர் செல்ல வேண்டியது செயலிக்கு அல்ல, கவுன்ட்டருக்கு. பாஸ்போர்ட்டைக் காட்டி வெளிநாட்டுப் பயணி ஒதுக்கீட்டில் கேட்கலாம். அங்கே இன்னும் இரண்டு பழைய வசதிகள் உயிரோடு இருக்கின்றன. உள்ளூர்க்காரர்களே மறந்துவிட்டவை.

ஒன்று, வழியில் இறங்கிப் போவது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில், 500 கிலோமீட்டர் கடந்தபின் ஒரு முறை வழியில் இறங்கி இரண்டு நாள் தங்கலாம். 1000-க்கு மேல் என்றால் இரண்டு முறை. சென்னையிலிருந்து ஹைதராபாத் வருபவர் வாரங்கலில் இறங்கி, காகதீயர் கோட்டையைப் பார்த்துவிட்டு, 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ராமப்பா கோயிலுக்கும் போய்வந்து, அதே டிக்கெட்டில் மீதித் தூரத்தை முடிக்கலாம். படுக்கை வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். ராஜ்தானி, வந்தே பாரத் வகை ரயில்களுக்கு இது பொருந்தாது.

இரண்டு, சுற்றுப்பயண டிக்கெட். புறப்பட்ட ஊருக்கே திரும்பி வருகிற மாதிரி வழியை வகுத்துக் கொடுத்தால், எட்டு இடங்கள் வரை இறங்கி ஏற ஒரே டிக்கெட் தருவார்கள். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், துண்டு துண்டாக எட்டு டிக்கெட் வாங்குவதைவிட இது மலிவு. இன்ட்ரெயில் பாஸ் போனபிறகு அதற்கு மிக அருகில் வருவது இதுதான். இதை வாங்க அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், வழித்தட விண்ணப்பம் எழுத வேண்டும், பொறுமை வேண்டும்.

இவை எதுவும் ஒத்துவராவிட்டால் கடைசியாக ஜெனரல் டிக்கெட். நிலையத்துக்குப் போ, ஊர்ப்பெயர் சொல், பணம் கொடு. 199 கிலோமீட்டர் வரை என்றால் மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும். அந்த வெள்ளைத்தாள் சீட்டில் பெயர் இல்லை, வயது இல்லை. மில்ட்டன் நிலையத்தில் எட்மன்சன் அச்சடித்த அட்டையின் நேரடி வாரிசு அது. அடையாளம் கேட்காத அந்தச் சீட்டு நெரிசலிலிருந்து மட்டும் விடுவிக்கவில்லை. காந்தி 1917-ல் எழுதியது ஜெனரல் பெட்டிக்கு இன்றும் பொருந்துகிறது. பகல் நேரத்தில் இருநூறு கிலோமீட்டர் வரை தாங்கலாம். இரவுப் பயணத்துக்கு யாருக்கும், குறிப்பாகத் தனியாக வரும் பெண்களுக்கு, பரிந்துரைக்க முடியாது.

எதிர்த்திசையில்

குகட்பள்ளி இந்தக் கதையின் மறுமுனையிலும் இருக்கிறது. ஜேஎன்டியு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கேதான். விசா வாங்கி வெளிநாடு போகிற பிள்ளைகள் இல்லாத தெருவை இங்குள்ள கேபிஹெச்பி காலனியில் தேடிப் பார்க்க வேண்டும். அவர்கள் ஜெர்மனியில் இறங்கியதும் முதலில் விசாரிப்பவற்றில் ஒன்று ரயில் டிக்கெட்.

2022 கோடையில் ஜெர்மனி ஒரு பரிசோதனை செய்தது. மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடெங்கும் உள்ளூர், வட்டார ரயில்களில் எங்கும் போகலாம். மூன்று மாதத்தில் 5 கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட் விற்றன. அதன் வாரிசாக 2023 மே மாதம் 49 யூரோவில் டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்தது. 2025-ல் 58 யூரோ, 2026-ல் 63. ஐசிஇ போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. அவற்றை விட்டால் நாடே திறந்திருக்கிறது. ஆனால் இது மாதச் சந்தா. நிறுத்தச் சொல்ல மறந்தால் அடுத்த மாதமும் பணம் போகும். விடுமுறைக்கு வந்து ஊர் திரும்பிய பயணிக்கு இதுதான் முதல் கண்ணி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் சட்டப்படி வசிக்கும் மாணவர் ஐரோப்பா சுற்ற வாங்க வேண்டியது இன்டர்ரெயில். அவரைப் பார்க்கக் குகட்பள்ளியிலிருந்து போகிற அப்பா அம்மாவுக்கு யூரெயில். ஒரே குடும்பம், ஒரே ரயில், இரண்டு பாஸ். பாஸ் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்க்கிறது. அதோடு பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயின், இத்தாலி அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் முன்பதிவுக் கட்டணம் தனி. ஜப்பான் பாஸ் 2023 அக்டோபரில் ஏழு நாளுக்கு 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்புவதற்கு மட்டும் அதை வாங்கினால் நஷ்டம். பாஸ் என்ற பெயரைப் பார்த்ததும் மலிவு என்று நம்பாமல், போகப்போகும் ஊர்களின் தனித்தனிக் கட்டணத்தைக் கூட்டிப் பார்ப்பவரே பிழைக்கிறார். இன்ட்ரெயில் பாஸ் கற்றுக்கொடுத்ததும் இதைத்தான்.

எது மலிவு?

டிக்கெட்டுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று பணம். மற்றது அது நம்மிடம் கேட்கும் தகவல். இந்திய ரயில்வே முதல் விலையை உலகில் மிகக் குறைவாக வைத்திருக்கும் ரயில்வேக்களில் ஒன்று. இரண்டாவது விலையைத்தான் ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுப் பயணி கட்டணத்தைக் கண்டு பயந்து திரும்புவதில்லை. ஓடிபி வராத திரையைப் பார்த்துத்தான் திரும்புகிறார்.

இது அவருக்கு மட்டுமான தொல்லையும் அல்ல. குகட்பள்ளியில் எழும்பும் அடுக்குமாடிகளில் வேலைசெய்ய ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வருகிறவர், ஸ்மார்ட்போன் பழகாத நம் வீட்டுப் பாட்டி, கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோன நாம் எல்லாரும் ஒருநாள் அதே திரைக்கு முன்னால் நிற்கக்கூடியவர்கள். வெளிநாட்டுப் பயணிக்கு வழி செய்தால் அவர்களுக்கும் சேர்த்து வழி செய்ததாகும்.

ரயில்வே செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வெளிநாட்டவருக்கான ஒதுக்கீட்டை ஸ்லீப்பர் வகுப்பிலும் பாஸ்போர்ட் எண்ணைக் கொண்டே இணையத்தில் வாங்க விட வேண்டும். சுற்றுப்பயண டிக்கெட்டை அலுவலக மேசையிலிருந்து இணையத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜெனரல் பெட்டிகளைக் கூட்ட வேண்டும். என்ன நவீனம் வந்தாலும், பணம் கொடுத்து ஊர்ப்பெயர் மட்டும் சொல்லி வாங்குகிற கவுன்ட்டர் ஒன்றையாவது ஒவ்வொரு நிலையத்திலும் மூடாமல் வைத்திருக்க வேண்டும்.